மூன்று கயிறும் மண்முனைத்துறையும்

காலை 6.50, நாவற்குடா வாவிக்கரை. சண்டை நடந்த வருடங்களில் ஓர் ஆடி மாதம். எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் இல்லாததால் பாயை நம்பித்தான் புறப்பட்டோம். போக வேண்டிய இடம் மண்முனைத்துறையின் அக்கரை. தண்ணீர் வழியே எட்டுக் கிலோமீற்றர் என்பார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், அளந்து பார்க்கவில்லை.

படகில் மூன்று பேர். பின்னால் சுக்கானோடு யோகன் அத்தான், என் அக்காவின் புருஷன். போன வருடம் மிதிவெடியில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. நடுவில் அக்கரை ஊரான மகிழடித்தீவுக்குத் திரும்பும் பூரணம் அக்கா, கட்டணம் இருபது ரூபாய். மடியில் புதிதாக வாங்கிய கிணற்றுக் கயிறு ஒரு சுருள். முன்னால் நான், வேலையில்லாத பெரிய மனிதன்.

வேலையில்லாதது என் குற்றமல்ல, அக்காவின் சட்டம். வெள்ளிக்கிழமை நான் கொழும்புக்கு வேலைக்குப் போகிறேன். இதுவரை பாயை ஏற்றியதும் இறக்கியதும் நான்தான், ஏனென்றால் பாய்மரத்தடிக்குத் தாவிப்போக அத்தானுக்குக் கால் இல்லை. "இவன் ஒரு கயித்திலயும் கை வைக்காம நீங்க போய் வந்தாப் படகு நம்மட. இல்லாட்டி விலை கேட்ட ஆரையம்பதியாருக்கு வித்துப்போடுவம்," என்று அக்கா தீர்ப்புச் சொல்லியிருந்தாள். படகு போனால் அத்தான் வீட்டு வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்துவிடுவார். அந்த முகத்தைக் கொழும்பிலிருந்து நினைத்துப்பார்க்க எனக்கு விருப்பமில்லை.

அதனால் இரண்டு வாரம் நான் மூளையைச் செலவழித்தேன். பாயை ஏற்றும் கயிற்றை மரத்தடியிலிருந்து நாலு கப்பிகள் வழியாகப் பின்னுக்குக் கொண்டுபோனேன். காற்றுக்கு ஏற்ப பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு முன்பே அங்கேதான் இருந்தது. ஏற்றும் கயிற்றை இறுக்க, அத்தானின் இடது கைப்பக்கம் ஒரு வின்ச். பாசிக்குடாவில் வெள்ளைக்காரர் ஓட்டிய ஏதோ படகின் மிச்சம். ஓட்டமாவடிப் பழைய இரும்புக் கடையில் முந்நூற்று ஐம்பது ரூபாய். பம்பரத்தைக் கவிழ்த்து வைத்தது போல இருக்கும். கயிற்றை அதில் மூன்று சுற்றுச் சுற்றித் திருகினால் 'கிரிக் கிரிக்' என்று இழுக்கும், பின்னால் விடாது. கைப்பிடி தொலைந்திருந்ததால் சைக்கிள் பெடல் தண்டைப் பொருத்தினேன்.

"அத்தான், உங்களுக்கு ஒரு கால் போனா என்ன, படகுக்குப் பெடல் வந்திட்டு," என்றேன்.

"உனக்கு வாய் மட்டும் ரெண்டுடா," என்றார்.

காலை 8.15, ஆரையம்பதிக் கரை. படையின் சென்றிக்கு, அதாவது காவலரணுக்கு, முன்னால் பாய் இறங்கியிருக்க வேண்டும். தண்ணீரில் மிதக்கும் சிவப்புப் பீப்பாயைப் பாயோடு தாண்டினால் சுடுவார்கள். அத்தான் கயிற்றை அவிழ்த்தார். காற்று மெல்லியது, பாய் தன் பாரத்திலேயே சுருண்டு விழுந்தது. ஒரு மணித்தியாலம் அடையாள அட்டை பார்த்து, கிணற்றுக் கயிற்றை அவிழ்த்துப் பார்த்து, விட்டார்கள்.

"கயித்துக்கும் ஐசி கேப்பாங்க போல," என்றார் பூரணம் அக்கா.

காலை 10.20, மண்முனைத்துறை. காத்திருந்த நேரத்தில் கச்சான் எழும்பிவிட்டது. மேற்கிலிருந்து சூடாக வீசும் காற்று, படகு சாய்ந்துகொண்டு ஓடியது. துறைச் சென்றியின் பீப்பாய் தெரிந்ததும் அத்தான் வின்சிலிருந்து கயிற்றைக் கழற்றிவிட்டார். பாய் பாதி இறங்கி நின்றுவிட்டது.

உதறினார். அசையவில்லை. படகைக் காற்றுக்கு முகமாகக் கிறுக்கித் திருப்பினார். பாய் படபடத்தது, ஆனால் இறங்கவில்லை. நாலு கப்பியிலும் வளைந்து வளைந்து போன கயிறு திரும்பி ஓட மறுத்தது. காற்றில்லாத கரையில் இருபது தரம் இறக்கிப் பார்த்தவன் நான். காற்றில் ஒரு தரமும் பார்க்கவில்லை.

"பஹத் கரண்ட!" சென்றியிலிருந்து சத்தம். இறக்கச் சொல்கிறான். துவக்கு மணல் மூட்டைக்கு மேலே உயர்ந்தது.

பாய்மரம் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

"தொடாதடா!" என்றார் அத்தான்.

தொட்டேன். பாயை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து இழுத்து அதன் மேலேயே விழுந்தேன். பீப்பாய்க்கு இன்னும் இரண்டு படகு நீளம் இருந்தது. அத்தான் என்னைப் பார்க்கவில்லை. துடுப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தார்.

பகல் 11.30, அக்கரை. இது இயக்கத்தின் பக்கம்; இங்கே படைச் சென்றி இல்லை, வேறு கண்கள் இருந்தன. தேத்தண்ணிக் கடையில் பிளேன்ரீ மூன்று ரூபாய். அத்தான் குடிக்காமல் கையில் வைத்திருந்தார்.

"வித்துப்போடுவம். உன்ட அக்கா சொன்னது சரி," என்றார்.

எனக்குப் பகிடி ஒன்றும் வரவில்லை. அது அடிக்கடி நடப்பதல்ல.

பூரணம் அக்காதான் பேசினார். "ஏன் மனே, ஏத்துறதுக்குக் கயிறு வச்சிருக்கீங்க, இறக்கிறதுக்கு வைக்கல்லையே. எங்கட கிணத்துல வாளி தானா இறங்கும். பாய் இறங்கல்லையெண்டா இழுக்கத்தானே வேணும்."

நானும் அத்தானும் ஒருவரையொருவர் பார்த்தோம். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு மூளைதான் இருந்திருக்கிறது, அதுவும் மகிழடித்தீவில்.

"அளவான கயிறு வேணுமே," என்றார் அத்தான்.

பூரணம் அக்கா மடியிலிருந்த சுருளைத் தூக்கிக் கொடுத்தார். "அஞ்சு பாகம் நீளம் இருக்கு. மறுகா வரக்குள்ள புதுசு கொண்டு வாங்க. நீங்க வராட்டி எனக்குத் தண்ணி இல்ல, சொல்லிப்போட்டன்."

கிணற்றுக் கயிற்றின் ஒரு நுனியைப் பாயின் தலையில் கட்டி, மரத்தடியில் நாலில் ஒரு கப்பியை இடம் மாற்றி அதன் வழியாகப் பின்னுக்குக் கொண்டுபோனோம். இப்போது அத்தானின் கைக்கு மூன்று கயிறு.

பிற்பகல் 2.10, மறுபடி துறை. கச்சான் இன்னும் பலமாக இருந்தது. பீப்பாய் நெருங்கியதும் நான் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டேன். அக்காவுக்குச் சாட்சி வேண்டுமே! சென்றிக்காரன் நான் சரணடைகிறேன் என்று நினைத்துத் துவக்கோடு எட்டிப்பார்த்தான். அத்தான் படகைக் காற்றுக்குக் கிறுக்கி, ஒரு கயிற்றை விட்டு, மற்றதை இழுத்தார். பாய் மடக்கிய குடை மாதிரி மளமளவென்று வந்து விழுந்தது. நான் அப்படியே கையைத் தூக்கியபடி இருந்தேன். அவன் விஷயம் விளங்காமலே சிரித்துவிட்டு, "ஹரி, யன்ட யன்ட," என்று போகச் சொன்னான்.

மாலை 5.00, நாவற்குடா. அக்கா கரையில் நின்றாள்.

"கை வச்சியா?"

பொய் சொல்ல வாய் திறந்தேன். அத்தான் முந்திக்கொண்டார். "போகக்குள்ள வச்சான். வரக்குள்ள வைக்கல்ல."

அக்கா படகில் ஏறி மூன்று கயிற்றையும் பார்த்தாள். புதியதைத் தொட்டு, "இதென்ன, கிணத்துக் கயிறு?" என்றாள். சொன்னோம்.

"அப்ப அந்தப் பொம்புளைக்குக் கயிறு ஆரு கொண்டுபோய்க் குடுக்கிற? ஆரையம்பதியாரா?" என்று கேட்டுவிட்டு இறங்கி வீட்டுக்கு நடந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை 7.40, கல்லடிப் பாலம். கொழும்புக்குப் போகிற எல்லோரையும் பஸ்ஸிலிருந்து இறக்கி வரிசையில் நடக்கவிட்டார்கள். கீழே வாவியில் தெற்கிலிருந்து ஒரு பாய் வந்தது. படகில் சனம் நாலு பேர், பின்னால் ஒருவர். முன்பக்கம் யாருமில்லை. பாலத்துச் சென்றியின் பீப்பாய்க்கு நல்ல தூரத்திலேயே படகு கிறுகியது, பாய் ஒரே இழுவையில் இறங்கியது.

கத்திக் கூப்பிட நினைத்தேன். ஆனால் உடம்பு சோதிக்கிற இடத்துக்கு என் முறை வந்துவிட்டது. என் இரண்டு கையும் அப்போது தலைக்கு மேலேதான் இருந்தன.