எடைமேடைப் பெண்ணின் பாஸ்வேர்டு

ஹெல்மார் ஊரில் யாரும் யாரையும் முகத்துக்கு நேரே திட்டமாட்டார்கள். அதற்கு வேறு வழி வைத்திருக்கிறார்கள். நோயாளி வீட்டுக்கு நீங்கள் அடுப்பில் சுடுகிற ஹாட்டிஷ் என்ற சாப்பாடு செய்து கொடுத்தனுப்பினால், அந்தக் கண்ணாடிப் பாத்திரம் திரும்பி வரும்போது அதில் ஏதாவது இருந்தாகவேண்டும். நாலு துண்டு கேக், ஒரு பை தக்காளி, ஒன்றுமே இல்லாவிட்டால் தோட்டத்தில் முற்றிப்போன சுக்கினிக் காய் ஒன்றையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். அந்த ஆகஸ்டில் ஆர்லிஸின் பாத்திரம் பளபளவென்று கழுவித் துடைத்து, வெறுமையாக, அவள் வீட்டு வாசல்படியில் கிடந்தது. கொண்டுவந்தவள் கதவைக்கூடத் தட்டவில்லை. லவோன்தான் அவள். குடலிறக்க ஆபரேஷன் முடிந்து வந்த லவோனின் புருஷனுக்காக ஆர்லிஸ் தன் கையால் இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடுக்கிச் சுட்டுக் கொடுத்த பாத்திரம் அது.

ஆர்லிஸ் குனிந்து அதை எடுத்து உள்ளே கொண்டுபோனாள். அறுபத்துமூன்று வயதில் முதல்தடவையாக அவள் ஊருக்கு ஆகாதவளாகியிருந்தாள். ஒரு பாஸ்வேர்டை மறந்ததுதான் அவள் செய்த குற்றம்.

ஊர்க் கூட்டுறவுத் தானியக் கிடங்கில், எடைமேடைக்குப் பக்கத்து அறையில் அவள் உட்கார ஆரம்பித்தபோது அவள் மகன் கைக்குழந்தை. இப்போது அவன் அலாஸ்காவில் இருக்கிறான், கிறிஸ்துமஸுக்குப் பேசுவான். அத்தனை அறுவடையையும் அவள் அந்த ஒற்றை ஜன்னல் வழியாகவே பார்த்திருக்கிறாள். கோதுமை லாரி மேடையில் ஏறும், எடை விழும், அவள் பதிவாள், சீட்டைக் கிழித்து நீட்டுவாள். கேட்பதற்குச் சின்ன வேலை. ஆனால் ஹெல்மாரில் பாதி நிலம் அதை உழுகிறவனுடையது இல்லை. அரிசோனாவுக்குப் போய்விட்ட அக்கா தங்கைகள், முதியோர் இல்லத்தில் இருக்கும் விதவை, எங்கோ பல் டாக்டராக இருக்கும் பேரன் என்று ஆளுக்கொரு துண்டு நிலம். ஒவ்வொரு லாரிக் கோதுமையிலும் உழுதவனுக்கு எவ்வளவு, நிலக்காரருக்குக் குத்தகைப் பங்கான வாரம் எவ்வளவு என்று பிரித்துப் போட்டாகவேண்டும். அந்தக் கணக்கு முழுக்க அவளுடைய பழைய கம்ப்யூட்டரில் இருந்தது.

கிர்பி மேலாளராக வந்த வருஷம் ஒரு கூட்டம் போட்டான். உரம் விற்கிறவனின் கீபோர்டுக்கு அடியில் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டைப் பிய்த்தெடுத்து, அதிலிருந்த பாஸ்வேர்டை எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தான். பிறகு ஆர்லிஸ் பக்கம் கைகாட்டி, "இவங்கள மாதிரி இருங்கப்பா. எல்லாத்தையும் மண்டைக்குள்ள வச்சிருக்காங்க" என்றான். அந்த ஒரு பாராட்டை அவள் வீட்டுக்குக் கொண்டுபோய் ராத்திரிச் சாப்பாட்டில் புருஷனிடம் சொன்னாள். அடுத்த வாரம் இன்னொருதரம் சொன்னாள். அசடு. கிர்பிக்குக் காலணா செலவில்லாத வார்த்தை அது. அதற்கு விலை கொடுத்தவள் இவள்தான்.

மூன்று மாதத்துக்கு ஒருதரம் பாஸ்வேர்டை மாற்றவேண்டும் என்பது விதி. ஆர்லிஸ் அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். லூத்தரன் கோயிலில் பீடத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு மரப்பலகை உண்டு. அன்றைக்குப் பாடப்போகும் ஞானப்பாட்டுகளின் எண்களை அதில் மாட்டியிருப்பார்கள். மாற்றவேண்டிய வாரத்துக்கு முந்தின ஞாயிறு பலகையில் என்ன எண்கள் இருந்தனவோ, அவற்றை வரிசையாகச் சேர்த்தால் அதுதான் பாஸ்வேர்டு. இதை அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை, புருஷன் மெர்லிடம்கூட. கர்த்தருக்குப் பாடுகிற பாட்டைக் கோதுமை எடைபோட உபயோகிக்கிறோமே என்று ஒரு கூச்சம். தவிர, கிடங்கில் காலைக் காப்பிக்குக் கூடுகிற ஆண்களின் காதில் விழுந்தால் குளிர்காலம் முழுக்க அதையே சொல்லிச் சிரிப்பார்கள்.

ஜூனில் கூட்டுறவை ஒரு பெரிய கம்பெனி எடுத்துக்கொண்டது. ஆர்லிஸை வேலையைவிட்டு அனுப்பிவைக்க ஒரு கேக் வாங்கினார்கள். அந்தக் கேக்கை அவளே வெட்டி, அவளே எல்லாருக்கும் கொடுத்து, கத்தியையும் அவளே கழுவி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். பாஸ்வேர்டு என்னவென்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். புதுக் கம்ப்யூட்டர் வந்தது, பழையது மேஜைக்கு அடியில் போனது. பழையதிலிருந்து புதியதுக்கு மாறியது பேரும் முகவரியும் மட்டும்தான் என்பது ஆகஸ்டில் முதல் லாரி மேடையேறினபோதுதான் கிர்பிக்குத் தெரிந்தது.

போன் வந்தபோது ஆர்லிஸ் உண்மையைச் சொன்னாள்: நினைவில்லை, வந்து பார்க்கிறேன். கடைசியாக மாற்றியது ஜூனில், வேலையின் கடைசி வாரத்தில் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது. கோயில் அலுவலகத்துக்குப் போய் அந்த ஞாயிறின் ஆராதனைத் தாளைக் கேட்டு வாங்கினாள். பாட்டு எண்கள் அதில் அச்சாகியிருக்குமே. கைப்பையில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத்தான் கிடங்குக்குப் போனாள்.

காப்பி மேஜையில் ஆண்கள் இருந்தார்கள், மெர்லும் இருந்தான். அவள் தாளைப் பார்த்து எண்களைத் தட்டினாள். திறக்கவில்லை. மறுபடி தட்டினாள். கிர்பி தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான்.

"என்ன ஆர்லிஸ், கோயில் தாள கையில வச்சிருக்கீங்க. ஜெபம் பண்ணியா தெறக்கப்போறீங்க?"

மேஜையில் சிரித்தார்கள். வியர்த்துப்போய் அவள் இன்னொருதரம் தட்ட, இனிமேல் எதையும் ஏற்கமாட்டேன் என்று கம்ப்யூட்டர் பூட்டிக்கொண்டது. கிர்பி கோபப்படவில்லை. கதவுவரை வந்து அனுப்பிவைத்தான். அவள் போனபிறகு காப்பி ஊற்றிக்கொண்டே, "அவங்களுக்கே மனசு வரணும். நாம என்ன பண்ணமுடியும்" என்று மட்டும் சொன்னானாம். அது போதாதா. வேலையை விட்டு அனுப்பின ஆத்திரத்தில் ஆர்லிஸ் பாஸ்வேர்டை மறைத்துவைத்துக்கொண்டு தாளும் கையுமாக நாடகம் போட்டுவிட்டுப் போனாள் என்று சாயங்காலத்துக்குள் ஊர் முடிவுகட்டிவிட்டது. கிடங்கில் கோதுமை குவிந்தது. கணக்குத் தீராமல் உழுதவனும் நிலக்காரரும் முறைத்துக்கொண்டார்கள். மளிகைக்கடையில் அவளிடம் வெயிலைப் பற்றி மட்டும் பேசினார்கள். பிறகுதான் அந்த வெறும் பாத்திரம் வந்தது.

அதைக்கூட அவள் தாங்கிக்கொண்டிருப்பாள். அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் மெர்ல் பேசியதைத்தான் தாங்கமுடியவில்லை. மெர்ல் அதிகம் பேசுகிற ஆளில்லை. சரளை லாரி ஓட்டி ஓய்வுபெற்றவன். சோளக்கதிரைக் கடித்துக்கொண்டிருந்தவன் அதைக் கீழே வைத்தான்.

"ஆர்லிஸ், போதும். குடுத்துடேன்."

"எதக் குடுக்கச் சொல்ற?"

"அவங்க உனக்குப் பண்ணது அநியாயம்தான். நான் இல்லன்னு சொல்லல. ஆனா காப்பி மேஜையில என்னால உக்காரமுடியல. நான் வந்தா பேச்ச நிறுத்திடறானுங்க."

"மறந்துபோச்சு மெர்ல். நெசமாத்தான் சொல்றேன்."

அவன் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. "பக்கத்து வீட்டுப் பழைய போன் நம்பர்கூட உனக்கு ஞாபகம் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கதிரை எடுத்துக்கொண்டான்.

ஊர் நம்பாததை ஒருமாதிரி சமாளிக்கலாம். ஒரே கூரைக்கடியில் இத்தனை வருஷம் இருந்தவன், அவள் வாயிலிருந்து ஒரு பொய்கூடக் கேட்டறியாதவன், அவனும் நம்பவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இவள் பொய் சொல்லவில்லை என்று யாராவது ஒருவர் சொல்லவேண்டும், முக்கியமாக மெர்ல் சொல்லவேண்டும்.

அடுத்த வாரம் பக்கத்து நகரமான மைனாட்டிலிருந்து கம்ப்யூட்டர் பழுதுபார்க்கிறவளை வரவழைத்தார்கள். கோரின் என்று பேர். பருத்த உடம்பு, முழங்கால் வலி, சேறு படிந்த பிக்கப் வண்டி. எதற்கும் பக்கத்தில் இருக்கட்டும் என்று ஆர்லிஸையும் கூப்பிட்டார்கள். அவளும் போனாள். கோரின் கட்டைவிரல் அளவு சாதனம் ஒன்றைப் பழைய கம்ப்யூட்டரில் செருகி, என்னவோ இரண்டு வரி தட்டினாள். ஊற்றின காப்பி ஆறுவதற்குள் திரை திறந்துகொண்டது. பழைய பாஸ்வேர்டை அழித்துப் புதுசு போட்டாயிற்று. பனியில் புதைந்த எடைமேடையை ஆர்லிஸ் எப்போதோ பிடித்து வைத்திருந்த படம் திரையில் அப்படியே இருந்தது.

"இவ்ளோதானா?" என்றாள் ஆர்லிஸ்.

"இவ்ளோதான். மொத வாரமே போன்ல சொன்னேனே. நான் வந்தா ஒரு நிமிஷ வேலைன்னு." கோரின் சாதனத்தைப் பையில் போட்டுக்கொண்டாள். "வேணாம், அந்தம்மா தானா வழிக்கு வந்துடுவாங்கன்னுட்டாரு உங்க ஆளு."

கிர்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஆர்லிஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு, நிலக்காரர் பங்கைப் பிரிக்கிற வாரக் கணக்கு ஃபைலுக்குத் தனியாக ஒரு பூட்டு உண்டு என்று சொல்ல ஆரம்பித்தாள். "இனிமே நாங்க பாத்துக்கறோம் ஆர்லிஸ். நீங்க அலட்டிக்காதீங்க" என்று அவன் வெட்டிவிட்டான். அவள் ஒரே ஒரு உதவி கேட்டாள். நான் மறைக்கவில்லை, நிஜமாகவே மறந்துவிட்டேன், கோரின்தான் திறந்தாள் என்று காப்பி மேஜையில் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். "அதுக்கென்ன, கண்டிப்பா" என்றான் கிர்பி. ஹெல்மாரில் அவ்வளவு சட்டென்று கண்டிப்பா என்றால் மாட்டேன் என்று அர்த்தம்.

ஞாயிறு கோயிலில் ஆராதனை ஆரம்பிக்கப்போகிற சமயம், நாரிஸ் கிழவர் நாற்காலிமேல் ஏறி எண் பலகையில் ஒரு அட்டையைக் கழற்றி வேறொன்றை மாட்டினார். பார்த்துக்கொண்டிருந்த ஆர்லிஸுக்குச் சுரீரென்றது. ஜூனில், பாஸ்வேர்டு மாற்றின வாரத்துக்கு முந்தின ஞாயிறும் இப்படித்தான் ஏறினார். அன்று நம் போதகர் மீன்பிடிக்கப் போயிருந்தார், வெளியூரிலிருந்து ஒருவர் வந்திருந்தார். கடைசிப் பாட்டை ஆர்கன் வாசிக்கிறவளுக்கு வாசிக்கத் தெரியவில்லை என்று வந்தவர் கடைசி நிமிஷத்தில் வேறு பாட்டுக்கு மாற்றினார். நாரிஸின் கையிலிருந்து ஒரு அட்டை நழுவி ஆர்லிஸின் காலடியில் விழுந்தது. அவள்தான் எடுத்துக் கொடுத்தாள். ஏழு. அச்சடித்த தாளில் இருந்தது மாற்றுவதற்கு முந்தின பாட்டு. பலகையில் இருந்தது வேறு. எண்கள் முழுக்க அவள் கண்முன் வந்து நின்றன. பிரசங்கம் ஒன்றும் காதில் விழவில்லை. சந்தோஷத்தில் அவளுக்குக் கண் நிறைந்தது. ஆராதனை முடிந்ததும் கீழே போய், பாருங்கள், இதனால்தான் திறக்கவில்லை, நான் நடிக்கவில்லை என்று எல்லாரிடமும் சொல்லப்போகிறாள். சிரித்தால் சிரிக்கட்டும்.

கீழறையில் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். லவோன் ஒரு தட்டில் ரூபார்ப் கேக்கோடு நேரே இவளிடம் வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"ஆர்லிஸ், எடுத்துக்கோ. கடைசில மனசு எறங்கிக் குடுத்துட்டியே, அதுவே பெருசு. கிர்பி எல்லாத்தையும் சொன்னாரு. நாங்க யாரும் மனசுல வச்சுக்கல."

சுற்றி நின்றவர்கள் அன்போடு தலையாட்டினார்கள். செய்யாத குற்றத்துக்கு அவளை மன்னித்துவிட்டிருந்தார்கள். ஆர்லிஸ் கேக்கை எடுத்துக்கொண்டாள். நன்றி என்றுகூடச் சொன்னாள். இவர்களிடம் எதைச் சொல்லி என்ன பிரயோஜனம் என்று அவளுக்குக் கசந்து வந்தது.

திங்கள்கிழமை மத்தியானம், மெர்ல் எதிரே உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கிர்பிதான், குரலில் தேன். தலைமை அலுவலகத்துக் கணக்கர் வந்திருக்கிறாராம். வாரக் கணக்கு ஃபைல் தனியாகப் பாஸ்வேர்டு கேட்கிறதாம். கோரினைக் கேட்டதற்கு, அது வேறு பூட்டு, தன்னால் ஆகாது என்றுவிட்டாளாம்.

"அதே பழைய பாஸ்வேர்டாத்தான் இருக்கும், இல்லயா ஆர்லிஸ்? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஊரே உங்களத்தான் நம்பியிருக்கு."

அதே பாஸ்வேர்டுதான். அவள் நாக்கு நுனியில் இருந்தது, ஏழோடு முடியும். பாத்திரம் காயவைக்கிற தட்டில் அந்தக் கண்ணாடிப் பாத்திரம் இருந்தது. அதைப் பார்த்தபடியே சொன்னாள்.

"ஞாபகம் இல்ல கிர்பி."

அறுபத்துமூன்று வயதில் அவள் சொன்ன முதல் பொய் அது. சொன்னதில் ஒரு சுகமும் இல்லை. கிர்பி விடவில்லை, இன்னும் கெஞ்சினான். திறந்தது கோரின்தான், கிர்பி சொன்னது புளுகு என்பது இதற்குள் மெர்லுக்கும் தெரிந்திருந்தது; எழுந்துவந்து அவள் கையிலிருந்து போனை வாங்கினான்.

"கிர்பி, மெர்ல் பேசறேன். அவ ஞாபகம் இல்லன்னு சொன்னா இல்லதான். என் பொண்டாட்டி பொய் சொல்றவ இல்ல. இனிமே இங்க போன் பண்ணாத."

வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, ஒன்றும் நடக்காததுபோல சூப்பில் உப்புப் பிஸ்கட்டை நொறுக்கிப் போட்டுக்கொண்டான். ஆகஸ்ட் முழுக்க அவள் காத்திருந்த வார்த்தை அது. ஆர்லிஸ் மேஜையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்து, மெர்ல் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தான்.