என் மேசைக்கு முன்னால் வந்து நின்றவர்

முப்பத்திரண்டு வயதில் என் பார்வை முழுதாகப் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் கொழும்பு புதுக்கடையில், நீதிமன்றங்களுக்குப் பக்கத்தில், ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கும் வேலை கிடைத்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் போய்வருவேன். மூன்று மாதத்தில் அங்கிருந்த பதினொரு பேரையும் சத்தத்தை வைத்தே அறிந்துகொண்டேன். ஒருவருக்குச் செருப்பு இழுபடும். இன்னொருவர் படியேறி வந்தால் மூச்சு வாங்கும். தலைமைக் கிளார்க்கின் கைக்கடிகாரச் சங்கிலி தளர்ந்திருந்தது. கையை அசைத்தால் கிலுங்கும்.

தினமும் தேநீர் நேரத்தில் அந்தக் கிலுக்கம் என் மேசைக்கு முன்னால் வந்து நிற்கும். பேச்சு வராது. சுற்றிலும் அடக்கிய சிரிப்பு மட்டும் கேட்கும். பக்கத்து மேசைப் பெண்ணிடம் விசாரித்தேன். தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அவர் உங்களைப் போல கண்ணைச் சொருகிக் காட்டுறார் அக்கா. போனைத் தடவி எடுக்கிற மாதிரியும் செய்யிறார்."

அன்று வீட்டுக்குப் போய் அழுதேன். பிறகு அழவில்லை. முறையிட்டால், பகிடிக்குச் செய்தேன் என்று தப்பிவிடுவார். ஆகவே காத்திருந்தேன்.

டிசம்பரில் அலுவலகத்தின் நத்தார் விருந்து, கிறிஸ்துமஸ் விருந்து, வெள்ளவத்தையில் நடந்தது. எல்லோரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். சட்டத்தரணி என்னை முன்னால் அழைத்தார்.

"சத்தத்தை வைச்சே ஆளைச் சொல்லுவீங்களாம். ஒருக்காச் செய்து காட்டுங்கோ."

ஒவ்வொருவராக என்னைக் கடந்து நடந்தார்கள். நான் சொல்லச் சொல்லக் கைதட்டினார்கள். கடைசியில் கடிகாரம் கிலுங்கியது.

"இவர் எங்கட சீஃப் கிளார்க்," என்றேன். "தேத்தண்ணி நேரத்தில என்ர மேசைக்கு முன்னால நிண்டு, என்னைப் போலக் கண்ணைச் சொருகிக் காட்டி எல்லாரையும் சிரிக்க வைக்கிறவர். எட்டு மாசமாக் கேட்டுக்கொண்டிருக்கிறன்."

யாரும் கைதட்டவில்லை. ஒரு சிறுமியின் குரல் கேட்டது. "உண்மையா அப்பா?"

கடிகாரம் கிலுங்கியபடி வாசல் பக்கம் விலகியது. அந்தப் பிள்ளைக்காகக் கொஞ்சம் வருந்தினேன். அவருக்காக இல்லை. அந்தக் கிலுக்கம் விலகிப் போனது எனக்கு இனித்தது.

திங்கட்கிழமை காலையிலேயே வந்து நின்றார்.

"தங்கச்சி, மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"ஆர் கதைக்கிறது?"

"நான்தான்."

"நான் எண்டா ஆர்? எனக்குக் கண் தெரியாது. பேரைச் சொல்லுங்கோ."

சொன்னார். மன்னிக்க முடியாது என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை எடுத்தேன்.

அவர் ஓய்வுபெறும்வரை, என் மேசைக்கு எதற்கு வந்தாலும் பெயரைச் சொல்லவைத்தேன். போகப்போக அவருடைய குரல் இறங்கியது.

"கேக்கேல்ல," என்பேன். "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கோ."