சக்கர வீட்டுக்குப் பலகை பார்த்தவர்

கதவுத் தொழிற்சாலையில் அவருக்கு முப்பது வருடமாக ஒரே வேலை: குறை கண்டுபிடிப்பது. செய்து முடித்த கதவை விரல் முட்டியால் தட்டுவார், காதை வைத்துக் கேட்பார், உள்ளே பொள்ளலாகக் கேட்டால் சுண்ணக்கட்டியால் பெருக்கல் குறி போடுவார். ஊரில் பலர் இதே வேலையைச் சம்பளமில்லாமல் செய்கிறார்கள். அந்த வகையில் அவர் கொடுத்து வைத்தவர். தொழிலாளிகள் வைத்த பெயர் நொட்டையார். அது அவருக்கும் தெரியும். கேட்டிருந்தால் அந்தப் பெயரிலும் ஒரு நொட்டை சொல்லியிருப்பார், யாரும் கேட்கவில்லை.

அவர் மனைவி பார்சல் அலுவலகத்தில் நாளெல்லாம் நின்றபடி பெட்டி பிரிக்கிறவர். எந்தப் பெட்டி எந்த ஊருக்கு என்று பார்த்துப் பார்த்து, தானும் எங்காவது போய்ச் சேர வேண்டுமென்ற ஆசை வந்துவிட்டது. ஏரிக்கரையில் ஒரு வாரம். காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற குட்டி வண்டி, அதற்குள்ளேயே படுக்கை, அடுப்பு. கதவைத் திறந்தால் தண்ணீர்.

“கடையில எதுக்கு வாங்கணும்? நானே செய்றேன்” என்றார் நொட்டையார்.

செய்யவும் செய்தார். இரும்புச் சட்டம், சக்கரம், வளைந்த கூரையோடு மரக்கூடு, எல்லாம் மூன்றே மாதத்தில் எழுந்து நின்றன. வெளிப்பக்கம் போர்த்தும் பிளைவுட் மட்டும்தான் பாக்கி. அந்த ‘மட்டும்’ மூன்று வருடத்தை விழுங்கியது.

கடைக்காரர் முதல் நாளே நாலு மில்லி கனத்தில் ஒரு பலகை காட்டினார். பாய் மாதிரி வளைந்தது. “கூரைக்கு இதத்தான் சார் எல்லாரும் போடுவாங்க. மேல தண்ணி எறங்காம ரெசின் ரெண்டு கோட்டு, ஓரத்த நல்லா அடைச்சிடுங்க, போதும்.”

நொட்டையார் தட்டினார். இன்னொரு இடத்தில் தட்டினார்.

“தர்பூசணி வாங்க வந்த மாதிரி தட்றீங்களே சார்!”

“சத்தமே வரலயே.”

“அது வண்டி சார். மத்தளம் இல்ல.”

கடை கடையாகப் பலகைத் துண்டுகள் வாங்கிவந்து, வீட்டிலேயே பெரிய பாத்திரத்தில் மூன்று நாள் கொதிக்க வைத்தார். கதவுப் பலகைக்கு அதுதான் சோதனை. அடுக்கு பிரிந்தால் பெருக்கல் குறி. முதல் வருடம் மனைவி அடுப்படியில் சிரித்தார்: “என்னங்க, வெந்துடுச்சா? உப்பு பாக்கவா?” இரண்டாம் வருடம், “அந்த மெல்லிசு பலகையே போட்டுடலாமேங்க” என்று மட்டும் சொன்னார். மூன்றாம் வருடம் சமையலுக்கு வேறு பாத்திரம் வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு வருடமும் லீவுக்கு எழுதிக் கொடுத்ததையும் அவரே போய்த் திரும்ப வாங்கினார்.

கடைசியில் ஒரு பலகை தேறியது. படகு கட்டப் போடுகிற மரைன் பிளைவுட், பன்னிரண்டு மில்லி. மூன்று நாள் கொதித்தும் அசையவில்லை. தட்டினால் ‘கும்’ என்றது. வளைய மட்டும் மறுத்தது. ஆகவே கூரையின் வளைவையே அறுத்தெறிந்து சதுரமாக்கினார். மனைவியின் தங்கை வந்து சுற்றிப் பார்த்தாள். “மாமா, பீரோவுக்கு சக்கரம் வச்சிருக்கீங்க போல!”

“மழை, வெயில் எதுவும் தொட முடியாது” என்றார் அவர், பெருமையாக.

எடை பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை. முப்பது வருடத்தில் ஒரு கதவையும் அவர் அதற்காகத் தூக்கிப் பார்த்ததில்லை. கதவு எங்கேயும் போவதில்லையே.

புறப்பட்ட நாளன்று தெருமுனை மேம்பாலம் வரைக்கும்தான் அவர்களுடைய சின்னக் கார் மானத்தைக் காப்பாற்றியது. ஏற்றத்தில் பாதியில் திணறி, கிளட்ச் தீய்ந்து, வண்டி பின்னால் இழுக்க, காரும் சேர்ந்து சறுக்கியது. பின்னாலேயே தன் காரில் வந்த தங்கையின் கணவர் பாய்ந்து இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தார். அவர்களும் அதே ஏரிக்குத்தான் கிளம்பியிருந்தார்கள், கூடாரத்தோடு.

மனைவி இறங்கி, தன் பையை எடுத்துக்கொண்டு தங்கையின் காருக்கு நடந்தார்.

“இத வீட்ல விட்டுட்டு நானும் வரட்டுமா?” என்றார் நொட்டையார்.

“உங்க இஷ்டம்ங்க. எனக்கு லீவு ஏழு நாள்தான்.” குரலில் கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் சமாதானம் சொல்லியாவது பின்னால் போயிருப்பார்.

ஏரிக்குக் காலை ஆறு மணிக்கு ஒரு பஸ், எட்டு மணிக்கு ஒரு பஸ். ஏழு நாளும் இரண்டும் போயின. அவர் பலகைகளைக் கழற்றி ஒவ்வொன்றாகத் தராசில் வைத்துக்கொண்டிருந்தார். எது சுமை என்று தெரிந்துகொண்டுதான் மனைவி முகத்தில் விழிப்பது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதைத் தெரிந்துகொள்ளத் தராசு எதற்கு?

திரும்பி வந்த மனைவியிடம், “எப்படி இருந்துச்சு?” என்றார்.

“நல்லா இருந்துச்சு.”

அவ்வளவுதான். துணி துவைக்கப் போட்டுவிட்டு, அடுத்த அறையில் வேலைத் தோழியிடம் போனில் பேச ஆரம்பித்தார். விடிகாலையில் மழை கொட்டியது, கூடாரம் ஒழுகியது, எல்லோரும் காருக்குள் ஒடுங்கிக்கொண்டு ஈரத் தலையோடு சிரித்தது, மழை விட்டதும் ஏரி ஒரு சொட்டு அசைவில்லாமல் கிடந்தது என்று முக்கால் மணி நேரம். நொட்டையார் சுவரோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

“நீ இருந்திருக்கணும்டி” என்று மனைவி தோழியிடம் சொல்வது நன்றாகவே கேட்டது.

அவர் வெளியே வந்ததும் நொட்டையார் எழுந்து நின்றார். “அடுத்த வருஷம் மெல்லிசாவே போட்டுடறேன். நாம ரெண்டு பேரும்…”

“தங்கச்சி ஏற்கெனவே தேதி சொல்லிட்டா” என்றார் மனைவி. “அவங்க கூடாரத்துல மூணு பேருக்குத்தான் இடம்.”