மறு உத்தரவு வரும் வரை தையல் இலை

அண்ணி சானடோரியத்திலிருந்து வீடு திரும்பிய அன்று டாக்டர் சொன்னது ஒரே வாக்கியம்தான்: "இனிமேல் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடலாம்." அண்ணனிடமும் என்னிடமும் சேர்த்துத்தான் சொன்னார். நாங்கள் அதை பெங்களூர் மல்லேசுவரத்து வீட்டுக்குக் கொண்டு வந்து அம்மாவிடம் ஒப்படைத்தோம். அம்மா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். மத்தியானம் அண்ணிக்குத் தையல் இலை போட்டாள்.

எங்களுக்கெல்லாம் எவர்சில்வர் தட்டு. அப்போது அந்தத் தெருவில் எவர்சில்வர் புதுசு; பெரும்பாலான வீடுகளில் பித்தளைதான். முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளத்த அந்த ஆறு தட்டுகளும் அண்ணியின் சீரில் வந்தவை. பெயர் வெட்டினால் கீறல் விழுந்தது போல இருக்கும் என்று அவருடைய அப்பா வெட்டாமலே கொடுத்துவிட்டார். ஆக, அண்ணி கொண்டு வந்த தட்டுகளில் நாங்கள் சாப்பிட்டோம். அண்ணி, சிட்டி மார்க்கெட்டில் கட்டுக் கட்டாக விற்கும், முத்துக இலைகளை, அதாவது புரச இலைகளை, ஈர்க்குச்சியால் தைத்த இலையில் சாப்பிட்டார்.

நோய் இருந்தபோது இந்த ஏற்பாட்டுக்கு நியாயம் இருந்தது. தின்ற இலையை எரித்துவிடலாம். தட்டை எரிக்க முடியாது. நோய் போன பிறகும் அது நீடித்ததற்கு அம்மா ஒரு காரணம் வைத்திருந்தாள். "சாம்பல் போட்டுத் தேய்க்கிற வேலை மிச்சம். அவளே பலவீனமா வந்திருக்கா. தின்னமா எறிஞ்சமான்னு இருக்கட்டுமே."

அந்தச் சலுகை மற்ற நான்கு பேருக்கு ஏன் வேண்டாம் என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"நீ சும்னே இரு. ஆபீஸ்ல பேசுற பேச்ச ஆபீஸ்லயே வெச்சுக்க."

ஆபீஸ் என்றால் மைசூர் அரசாங்கச் செயலகம். அங்கே நான் முதலில் கற்றுக்கொண்டது இதுதான்: 'மறு உத்தரவு வரும் வரை' என்று போட்ட எந்தத் தற்காலிக ஏற்பாடும் சாகாது. அதை ரத்து செய்ய அதிகாரம் உள்ளவர் யார் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் வீட்டிலும் அப்படியே. அண்ணனைக் கேட்டால், "அம்மா சொல்லட்டும்." அம்மாவைக் கேட்டால், "டாக்டர் சொல்லட்டும்." டாக்டர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். கோப்பு சுற்றிச் சுற்றி வந்தது. அண்ணி இலையில் சாப்பிட்டார்.

தையல் இலையில் ரசம் நிற்காது. ஈர்க்குச்சி குத்திய ஓட்டை வழியாகத் தரைக்கு இறங்கிவிடும். அண்ணி சோற்றால் கரை கட்டிப் பார்ப்பார். பிறகு, ரசம் வேண்டாம் என்று சொல்லப் பழகிக்கொண்டார். சாப்பிட்டதும் தன் இடத்தைத் தானே துடைத்து, இலையைத் தானே கொண்டு போய் குளியலறை அடுப்பு விளிம்பில் காயப்போடுவார். மறுநாள் காலை விறகோடு அதையும் எரித்துத்தான் அண்டாவில் எங்கள் எல்லாருக்கும் வெந்நீர். அந்த வெந்நீரில் குளிப்பதற்கு யாருக்கும் எந்த ஆட்சேபமும் இருந்ததில்லை.

ஒரே ஒரு தடவை, அண்ணி என்னிடம் பேசினார். தட்டுகளை நான் கொல்லைக் குழாயடிக்கு எடுத்துப் போகும்போது, "என் தட்ட நான் தேய்க்கணும்னு ஆசையா இருக்கு தம்பி" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை.

அந்தச் சமயத்தில் தங்கைக்கு வேலூரில் ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். பையனின் அத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பார்க்க வந்தார். வாட்டசாட்டமான அம்மாள், நுழைந்ததும் செருப்போடு சேர்த்துக் கூச்சத்தையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டவர். அண்ணிக்கு நோய் வந்திருந்தது அவருக்குத் தெரியக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை. டீபி வந்த வீடு என்று தெரிந்தால் பெண் எடுக்க மாட்டார்கள். அதனால் அண்ணி கடைசியில் சாப்பிடுவதாக ஏற்பாடு. அண்ணன் வெளியூர் போயிருந்தான்.

ஏற்பாடு, விருந்தாளி கை கழுவி வந்ததும் குலைந்தது.

"நீ இன்னாமா கதவுக்குப் பின்னாடி நிக்கிற? வா, எம்பக்கத்துல குந்து" என்று அண்ணியின் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டார்.

அண்ணி உட்கார்ந்தார். பழக்கம் என்பது மூளையைக் கேட்டு நடப்பதல்ல. கை தானாகப் பரணுக்குக் கீழே போய் ஒரு தையல் இலையை உருவி எதிரே விரித்துவிட்டது. விருந்தாளிக்கு எதிரே எவர்சில்வர் தட்டு.

அந்த அம்மாள் இலையைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"நல்லாருக்கே உங்க ஊட்டு மரியாதி!" என்றார். "மருமவளுக்கு இலை, வந்தவளுக்குத் தட்டா? எங்க ஊட்ல நாய் வந்தாகூட இலை போட்டுத்தான் சோறு வெப்போம்."

விருந்தென்றால் இலை என்பது எங்களுக்கும் தெரிந்ததுதான். இத்தனை மாதம் இலையை ஒதுக்கி வைக்கும் பொருளாகவே பார்த்ததில் அது மறந்தே போயிருந்தது.

"அதில்லீங்க... ஒரே இலதான் இருந்துச்சு..." என்று இழுத்தாள் அம்மா.

"ஒண்ணுன்னா எனக்குப் போட்றது! இவ இந்த ஊட்டுப் பொண்ணு, தட்டுல துன்னா தேய்ஞ்சா பூடுவா?"

சொல்லிக்கொண்டே இலையைத் தன் பக்கம் இழுத்தார். தன் தட்டை அண்ணியின் பக்கம் தள்ளினார். தட்டு சிமெண்டுத் தரையில் கீச்சென்று நகர்ந்து அண்ணியின் முழங்காலருகே நின்றது.

அண்ணி அதைத் தொடவில்லை. அம்மாவை நிமிர்ந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அம்மா கையில் சோற்றுக் கரண்டி. தட்டில் போடலாம், போடாமல் இருக்கலாம். போடாவிட்டால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் தங்கையின் கல்யாணம் போய்விடும். ஆனால் அந்தக் கணத்தில் அம்மா கல்யாணத்தை நினைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. அவள் அண்ணியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போட்டாள். குழம்பு ஊற்றினாள். பிறகு, யாரும் கேட்காமலே, ரசம் ஊற்றினாள். அண்ணி தட்டின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சாப்பிடாமல் இருந்தார்.

"ரசம் ஒழுவுதே, இன்னா இலைம்மா இது" என்று விருந்தாளி பக்கத்தில் அலுத்துக்கொண்டார்.

சாப்பாடு முடிந்து, கடைசியாக உட்கார்ந்த அம்மா எழுவதற்குள் அண்ணி எல்லார் தட்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் குழாயடிக்கு எடுத்துப் போய்விட்டார். சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்க்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது. விருந்தாளியை பஸ் ஏற்றிவிட்டு நான் திரும்பியபோது தட்டுகள் கொல்லைச் சுவரில் சாய்ந்து வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. அம்மா அவற்றின் முன்னால் நின்றாள்.

"எதுல நீ தின்ன?"

"தெரியல அத்தை" என்றார் அண்ணி. "எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்குது."

உண்மையிலேயே தெரியவில்லையா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. பெயர் வெட்டாத தட்டில் சரிபார்க்க வழி ஏதும் கிடையாது.

அம்மா அண்டாவிலிருந்து வெந்நீர் மொண்டு வந்தாள். எல்லாத் தட்டுகளின் மேலும், ஒன்று விடாமல், ஊற்றினாள். அண்ணி பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அம்மா அவற்றைத் துடைத்து உள்ளே கொண்டு போய் அலமாரியில் அடுக்கினாள். சாயங்காலம் அண்ணனும் ஊரிலிருந்து வந்துவிட்டான்; பலகாரத்துக்கு அம்மா ஐந்து தட்டு எடுத்து வைத்தாள்.

வேலூர் வரன் தட்டிப்போனது, பையன் தங்கையைவிடக் குள்ளம் என்பதால். எங்கள் வீட்டில் மறு உத்தரவு என்று எதுவும் பிறப்பிக்கப்படவில்லை.

மறுநாள் காலை அண்ணி பரணுக்குக் கீழே இருந்த இலைக் கட்டைப் பிரிக்காமல் அப்படியே அடுப்பில் வைத்தார். அன்றைக்குத் தண்ணீர் கை வைக்க முடியாத சூடு. அம்மா குழாய்த் தண்ணீரை விளாவிக் குளித்துவிட்டு வந்தாள்.