அக்கா போட்ட மெத்தைத் தளம்

அன்புள்ள பிள்ளைகளுக்கும், இந்த நினைவு மலரை வாங்கிப் பிரித்திருக்கும் உறவினர், நண்பர் அனைவருக்கும் வணக்கம்.

உங்கள் அத்தை நம்மை விட்டுப் போய் இந்தப் பங்குனியோடு ஓராண்டு நிறைகிறது. உங்களுக்கு அத்தை, எனக்கு அக்கா. ஆகவே அக்கா என்றே எழுதிக்கொண்டு போகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். படிக்கிறவர்கள் அழும்படி எழுத வேண்டாம் என்று அக்காவின் மகள் கேட்டுக்கொண்டாள். அக்காவைப் பற்றி எழுதும்போது அது ஒன்றும் கஷ்டமில்லை.

கேளம்பாக்கத்தில் உப்பளத்தை ஒட்டிய கூரை வீட்டில் பிறந்தவர் அக்கா. அப்பாவுக்கு உப்பளத்தில் வேலை. நான் தவழ்கிற வயதில் அம்மா போய்விட்டார். அன்று முதல் என்னைக் குளிப்பாட்டியதும், சோறூட்டியதும், முதுகில் இரண்டு போட்டதும் அக்காதான். ஒரு புயலில் எங்கள் கூரை அப்படியே எழும்பி அடுத்த தோப்பில் போய் உட்கார்ந்தது. நனைந்துகொண்டே அதைத் தேடிப் போனோம். பிறகு செங்கற்பட்டிலிருந்து வரன் வந்தபோது, மாப்பிள்ளை எப்படி என்று யாரோ கேட்டார்களாம். "மெத்தை வூடு" என்றாராம் அக்கா. கூரை இல்லாமல் தளம் போட்ட வீட்டை அப்படித்தான் சொல்வோம். மாமா இதைச் சாகும்வரை சொல்லிச் சிரிக்கப் போகிறார். அவர் ரயில்வேயில் கூட்ஸ் கிளார்க்காக இருந்தவர். அக்காவோடு என்னையும் அழைத்து வந்து பள்ளிக்கூடத்தில் சேர்த்த புண்ணியவான்.

ஆனால் மெத்தை வீடும் ஒழுகும் என்பதை அக்கா வந்த முதல் மழையிலேயே தெரிந்துகொண்டார். வருஷா வருஷம் விரிசலில் சுண்ணாம்பு அடைப்பார்கள். வருஷா வருஷம் ஒழுகும். அப்படியே காலம் ஓடியது. மகளை மாமல்லபுரத்தில் கட்டிக் கொடுத்தார்கள். அவள் தலைப்பிள்ளை உண்டாகியிருந்த அந்த ஆடியில், நடு அறையின் தளத்திலிருந்து ஒரு பெரிய காரை பெயர்ந்து தொப்பென்று கட்டில்மேல் விழுந்தது. நல்லவேளை, கட்டிலில் யாரும் இல்லை. ஆனால் வீட்டில் சம்பந்தியம்மா இருந்தார்.

அவர் நல்ல மனுஷி. ஆனால் பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு. "தாய்வூட்டுப் பிரசவம்தான் முறை, நா ஒத்துக்கிறேன். ஆனா சம்பந்தியம்மா, கார்த்திக மழையில இந்தத் தளத்துக்கு அடியில எம் மருமவளப் படுக்க வெக்க மாட்டேன். தளம் போட்டா அனுப்பறேன். இல்லாட்டி எங்க வூட்லயே பாத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

அக்கா அன்று சாப்பிடவில்லை. தாயில்லாமல் வளர்ந்தவர். அவருக்கு மகள் பிறந்தபோது வெந்நீர் வைத்துக் கொடுக்கவும் பிறந்த வீட்டில் ஒரு பெண் இல்லை. "எனக்குத்தான் தாய்வூட்டுப் பிரசவம் கெடைக்கல. அவளுக்கும் இல்லேன்னா நா எதுக்குடா தம்பி கீறேன்?" என்றார். மறுநாள் காலையில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மேஸ்திரியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

பிள்ளைகளே, இனி நான் எழுதப் போவதைக் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள். நீங்களும் ஒருநாள் வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் ஆவீர்கள். மெத்தையைப் பிரித்துப் போடுவதற்கு எவ்வளவு செலவு பிடிக்கும் என்று கேட்டால், பிரிப்பதற்கு முன்னால் யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. எங்கள் மேஸ்திரியும் கீழேயிருந்து பார்த்து ஒரு தொகை சொன்னார். ஆவணி பிறந்து, நல்ல நாள் பார்த்துப் பழைய தளத்தை உடைத்தபோது, தளத்தைத் தாங்கும் மரக்கட்டைகளில் பாதி உள்ளே பொக்கை. கரையான் தின்றுவிட்டு வெளித்தோலை மட்டும் மரியாதைக்கு விட்டுவைத்திருந்தது. அக்கா ஒன்றைத் தட்டினார். சுரைக்காய் மாதிரி சத்தம் வந்தது.

"இத்தினி நாளு இதுக்கு அடியிலயா தூங்கினோம்?" என்றார் மாமா.

"நீங்க வுட்ட கொறட்டைக்கு இது நின்னதே பெரிசு" என்றார் அக்கா.

சுண்ணாம்புக்கோ செங்கல்லுக்கோ ஆகும் செலவு பெரிதில்லை. மரம்தான் ஆளை விழுங்கும். ஆகையால் உடைப்பதற்கு முன்பே ஒவ்வொரு கட்டையையும் தட்டிப் பாருங்கள். முடிந்தால் ஊசியால் குத்திப் பாருங்கள். வீடு முழுவதற்கும் என்று வைத்திருந்த பணம் இப்போது நடு அறைக்கும் கூடத்தில் ஓர் ஓரத்துக்கும்தான் வரும் என்று ஆகிவிட்டது. மாமா, நல்ல கட்டைகளை மட்டும் வைத்துக்கொண்டு வீடு முழுவதும் ஒப்பேற்றிவிடலாம் என்றார். அக்கா கேட்கவில்லை. "ஒரே ஒரு ரூம்பு. ஆனா முழுசாப் போடு. எல்லா ரூம்பையும் அரகொறையாப் போட்டா எல்லா ரூம்பும் ஒழுவும்." நானும் மாமா பக்கம்தான் பேசினேன். தோற்றோம். அதற்கு இன்றைக்கும் சந்தோஷப்படுகிறேன்.

அடுத்தது மணல். மாமாவுக்கு முட்டுக்காட்டில் ஒரு சிநேகிதர். அவர் புண்ணியத்தில் காசில்லாமல் மணல் வந்து இறங்கியது. வண்டிச் சத்தம், அதாவது வண்டிக்கூலி, மட்டும் நம்முடையது. மாமா மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றார். அக்கா வந்தார், ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார், துப்பினார்.

"உப்பு."

"கொஞ்சம்தானேம்மா" என்றார் மாமா.

"உப்பளத்துல பொறந்தவகிட்ட உப்புல கொஞ்சம் நெறையன்னு சொல்றீங்களா? இது காயவே காயாது. மழைக்காலம் பூரா வேத்துக்கினே கெடக்கும். கொல்லையில கொட்டுங்க. பேரப்புள்ள வெளையாடும்."

பாலாற்று மணல் காசு கொடுத்தே வந்தது. இலவசமாக வரும் சாமானுக்கு இரண்டு வண்டிச் சத்தம் என்பதை நினைவில் வையுங்கள். இன்னொன்று, உடைத்த பழைய செங்கல்லை அவசரப்பட்டு அள்ளிக் கொட்டிவிடாதீர்கள். நல்லதாகப் பொறுக்கி உடைத்தால் அதுவே புதுத் தளத்துக்கு ஜல்லி. கொட்டுவதற்கும் கூலி, வாங்குவதற்கும் கூலி என்று பக்கத்துத் தெருவில் ஒருவர் அழுததைப் பார்த்திருக்கிறேன். கம்பி போட்டு சிமென்டில் போடச் சொல்லி எதிர்வீட்டுக்காரர் யோசனை சொன்னார். சிமென்டுக்குப் பெர்மிட் எழுதிப் போட்டுக் காத்திருந்தால் பேரப்பிள்ளை பள்ளிக்கூடமே போய்விடும் என்று அக்கா சொல்லிவிட்டார்.

புதுக் கட்டை ஏறியது. அதன்மேல் தளக்கல் என்கிற சின்னச் செங்கல்லைப் பதித்து, ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டினார்கள். பிறகு தளம் அடிக்கிற பெண்கள் வந்தார்கள். கையில் ஆளுக்கொரு மரக்கட்டை. வரிசையாகக் குந்திக்கொண்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அடிப்பார்கள். கூலி மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் இங்கேதான் கை வைப்பார்கள். இங்கேதான் கை வைக்கவே கூடாது. தளம் இறுகி, அடிக்கிற கட்டை தானாகத் துள்ளும்வரை அடிக்க வேண்டும். அக்கா அவர்களுக்குக் கூழும் மோரும் தாமே மேலே கொண்டுபோய்க் கொடுப்பார். வீட்டு விஷயம் முழுவதும் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. முன்னால் உட்காரும் அம்மாள் அதையே பாட்டாகக் கட்டிவிட்டார்:

"சம்பந்தி வராங்க, சத்தமா அடி,
சாரல் வந்தாலும் சொட்டாம அடி!"

தெருவே திரும்பப் பாடியது.

மேலே தட்டை ஓடு பதித்துப் பூச்சும் முடிந்து காய்ந்தபின், மழைத்தண்ணீர் இறங்கும் தூம்புவாயைக் களிமண்ணால் அடைத்துத் தளத்தின்மேல் தண்ணீர் கட்டி நிறுத்தினார்கள். இதைச் செய்யாமல் மேஸ்திரிக்குக் கடைசிக் கூலியைக் கொடுக்காதீர்கள். நல்ல மேஸ்திரி இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். எங்களவர் கோபிக்கவில்லை. ஆனால் அன்றைக்கென்று பார்த்துச் சொல்லாமல் கொள்ளாமல் சம்பந்தியம்மா வந்து நின்றபோது, மேஸ்திரியின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

"இன்னிக்கு வெளியில உக்கார வெச்சி அனுப்பிடலாம்" என்று மாமா அக்காவின் காதில் சொன்னார். அக்கா பலகையை எடுத்து நடு அறைக்கு நட்டநடுவில் போட்டார்.

"மேல தண்ணி நிக்குது சம்பந்தியம்மா. கீழ உக்காந்து சாப்புடுங்க."

சம்பந்தியம்மா பட்டுப்புடவை கட்டியிருந்தார். மேலே ஒரு தடவை பார்த்தார், அக்காவை ஒரு தடவை பார்த்தார், உட்கார்ந்துவிட்டார். இலையில் இட்லி விழுந்தது. நாங்கள் ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. எல்லாருக்கும் கண் உத்தரத்தில்தான்.

பொட்டென்று ஒரு சொட்டு அவர் தோளில் விழுந்தது.

மேஸ்திரி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். சம்பந்தியம்மா மெதுவாகத் திரும்பினார். பின்னால் மாமா. கையில் குடிக்கிற தண்ணீர்ச் சொம்பு. முகம் மேலே, சொம்பு கீழே சாய்ந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"சம்பந்தி, தளம் ஒழுவல. நீங்கதான் ஒழுவறீங்க" என்றார் சம்பந்தியம்மா.

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்போடு கண்ணில் தண்ணீரும் வந்தது. சம்பந்தியம்மா இன்னும் இரண்டு இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "வளகாப்பு முடிஞ்சதும் பொண்ணக் கூட்டியாந்துடுங்க" என்றார்.

கார்த்திகை அடைமழையில் அந்த அறையில் அக்காவின் பேரன் பிறந்தான். கூடத்தில் அண்டா, குண்டான் எல்லாவற்றிலும் ஒழுகல் தாளம் போட்டது. நடு அறையில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. மிச்ச அறைகளுக்கும் அடுத்தடுத்த வருஷங்களில் ஒவ்வொன்றாக முழுத் தளம் ஏறியது.

அக்கா ஒருவரையும் வெறும் வயிற்றோடு அனுப்பியதில்லை. பொய் சொல்லி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் பாத்திரம் பேசும், அவ்வளவுதான். போன வருஷம் மாசியில் காய்ச்சலாகப் படுத்தார். மாமாவும் மகளும் பக்கத்திலேயே இருந்தார்கள். பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை விடியலில் அமைதியாகக் கண்ணை மூடினார்.

அக்காவை நல்லபடி பார்த்துக்கொண்ட டாக்டருக்கும் நர்சம்மாவுக்கும், இரவும் பகலும் கூட இருந்த தெருவாருக்கும், மாமல்லபுரத்திலிருந்தும் கேளம்பாக்கத்திலிருந்தும் வந்து தோள் கொடுத்தவர்களுக்கும், கூலியை விட்டு வந்து மாலை போட்ட மேஸ்திரிக்கும் தளம் அடித்த பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

சம்பந்தியம்மாவுக்குத் தனியாக ஒரு நன்றி உண்டு. அக்காவின் மகள் இப்போது மறுபடி நிறைமாதம். அம்மா இல்லாத வீட்டுக்கு எப்படி அனுப்புவார்கள் என்று நாங்கள் வாய் திறந்து கேட்கவில்லை. போன வாரம் சம்பந்தியம்மாவே பெட்டியும் படுக்கையுமாக அவளைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார். "அம்மா பூட்டாங்கன்னா தாய்வூடு பூடுமா? நானும் இங்கயே இருந்து பாத்துக்கறேன்" என்று சொல்லி, நடு அறையில் தம் பாயையும் விரித்துக்கொண்டார்.

ஆகவே திதிக்கு வருகிறவர்கள் எல்லாரும், தொட்டில் போடும் நாளுக்கும் தவறாமல் வந்துவிடுங்கள்.