கற்பூரம் அணைக்காத சத்தியம்

நாடு குடியரசான ஆண்டில் எனக்கு எட்டு வயது. புதிய அரசியலமைப்புக்கு விசுவாசமாக இருப்பேன் என்று அரசாங்க ஊழியர் எல்லோரும் சத்தியம் செய்ய வேண்டும், மறுத்தால் வேலை போய்விடும் என்ற செய்தி எங்கள் வீட்டுக்கு வந்தபோது, குருக்கள்மடத்தில் அம்மன் கோயில் கதவு திறந்திருந்தது. ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடந்து வைகாசிச் சடங்குக்கு மட்டும் திறக்கும் கதவு அது. அம்மன் விழித்திருக்கும் கிழமை என்பதால் பிள்ளைகள் நாங்கள் குரலைத் தாழ்த்தியே பேசுவோம்.

அப்பா மட்டக்களப்புக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞர். எதையும் முழுவதும் வாசிக்காமல் கையெழுத்திடாதவர். பத்திரிகையில் வந்திருந்த புதிய அரசியலமைப்பை விறாந்தையில் இருந்து வரி வரியாக வாசித்தார். பக்கத்தில் மாமா, அதாவது அம்மாவின் தம்பி. அவருக்குக் கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வட்டையில் வெள்ளாமை. வயல்காரரிடம் யாரும் சத்தியம் கேட்கவில்லை. ஆகவே அவருக்கு வாய் நீண்டிருந்தது.

“நல்லதும் கிடக்கு,” என்றார் அப்பா. “இனி இங்கிலாந்து ராணி இல்ல. நம்மட நாட்டுக்குள்ளயே எழுதினது. மனிசருக்கு இன்னின்ன உரிமையெண்டு ஒரு பகுதியே போட்டிருக்கு.”

“மறுகா, வேறென்ன?” என்றார் மாமா.

“அந்த உரிமையள எப்பிடித் தடுக்கலாமெண்டும் கீழயே போட்டிருக்கு. சிறுபான்மைக்குப் பாதகமாச் சட்டம் போடப்படாதெண்டு பழசில ஒரு பிரிவு இருந்தது. அதைக் காணல்ல.”

“அப்ப, புதுப் படலையப் போட்டுப்போட்டு வேலியப் புடுங்கிட்டானுகள் எண்டு சொல்லுங்க. இதுக்கா அத்தான் சத்தியம் பண்ணப்போறீங்க?”

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. “உனக்கென்னடா, நெல்லு உன்னட்டச் சத்தியம் கேக்காது.”

அப்பா பத்திரிகையை மடித்தார். “எனக்கு மனசுக்குள்ள பாதிக்குத்தான் ஓமெண்டு வருகுது,” என்றார்.

சத்தியம் என்றால் நான் அறிந்தது ஒன்றுதான். கோயில் முன்றலில் கற்பூரம் கொளுத்தி, எரியும்போதே உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். மனதில் ஒன்றை மறைத்துக்கொண்டு அணைத்தால் அம்மன் கண்ணைப் பறித்துவிடுவாள். கன்று களவெடுத்துவிட்டுப் பொய்ச்சத்தியம் செய்த ஒருவர், அந்த மாரிமழைக் காலத்திலேயே பார்வை போய், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீதியால் நடந்து திரிந்தார். அந்த மகள் என் வகுப்பு.

அப்பா சத்தியம் செய்யப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. அம்மனுக்குரிய நாள் என்பதால் நன்றாக நினைவிருக்கிறது. சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தவரிடம், “பாதிக்கு மட்டும் சத்தியம் பண்ணேலாதா அப்பா?” என்று கேட்டேன்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “அப்பிடிக் கேட்டா விடுவாங்களா புள்ள?” என்றார். சிரிக்கவில்லை.

அப்பாவுக்குப் பார்வை போனால், கைபிடித்து நடத்திப்போக நான் இனிப் பழக வேண்டுமே. பள்ளி விட்டு வரும்போது, அவருக்கு எப்படி இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு நடந்து பார்த்தேன். வேலிக் கம்பியில் முட்டிச் சட்டை கிழிந்தது.

பின்னேரம் பஸ் நிற்கும் மதகடியில் போய் நின்றேன். வாவிப் பக்கம் வெயில் சாய்ந்தபோது மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் பஸ் வந்தது. இறங்கிய அப்பா நேரே என்னைப் பார்த்துத்தான் வந்தார். கண் தெரிந்தது. ஆனாலும் நம்பிக்கை வராமல், அவருடைய வலக்கையைப் பிடித்து விரித்துப் பார்த்தேன். கரி இல்லை. சுட்ட தடமும் இல்லை.

“கற்பூரம் அணைக்கல்லயா?”

“இல்ல புள்ள. எழும்பி நிண்டு வாசிச்சிட்டு, கையெழுத்து வெச்சது. அவ்வளவுதான்.”

கற்பூரம் இல்லாவிட்டால் அது சத்தியமே இல்லை. கச்சேரிக்காரருக்கு அதுகூடத் தெரியவில்லை! அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று துள்ளிக்கொண்டு ஓடினேன்.

படலையடியில் திரும்பிப் பார்த்தபோது அப்பா இன்னும் மதகடியிலேயே நின்றிருந்தார். நான் விரித்துவிட்ட கையை மூடாமல், அதையே பார்த்துக்கொண்டு. கரி ஒட்டாத கையில் அவ்வளவு நேரம் பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.