கல்யாணக் காரின் கூரைத்துணி

பிள்ளைகளே, இன்று நீங்கள் பட்டம் ஒட்டக் கோதுமை மா பசை காய்ச்சினீர்கள். அந்த வாசனையில் அப்பாவின் கார் ஞாபகம் வந்துவிட்டது.

பசறைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் ஐயா ஊரை விட்டுப் போகும்போது தன் பழைய மொரிஸ் மைனர் காரை அப்பாவிடம் கொடுத்துவிட்டார். கல்யாணத்தன்று அக்காவை அதில்தான் கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. ஆனால் உள்ளே கூரைத்துணி கிழிந்து தொங்கியது. கார் வேலை தெரியாத அப்பா, புதுத்துணி வெட்டிப் பசை காய்ச்சினார்.

“தோரணம் ஒட்டுற பசையக் காருல பூசுறீங்களே?” என்று அம்மா கேட்டார்.

“கடதாசியப் புடிக்கிறது துணியப் புடிக்காதா? சும்மா இரு புள்ள.”

கல்யாணத்தன்று மலையெல்லாம் மூடுபனி. இரண்டாவது வளைவில், ஈரமேறிய துணி கழன்று அக்காவின் தலையில் முக்காடாக விழுந்தது. அப்பா பிரேக்கை மிதித்துவிட்டு, ஒன்றும் விளங்காமல் திரும்பிப் பார்த்தார்.

“நல்லாத்தானே ஒட்டுனேன்...”

துணிக்குள்ளிருந்து அக்காவின் குரல் நடுங்கியது. “நிப்பாட்டாதீங்கப்பா, போங்க. முகூர்த்தம் போயிரும்.”

அவள் அழுதாளா, சிரித்தாளா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. சற்றுமுன் போனில் அவளையே கேட்டேன்.

“எனக்கே தெரியலடா. துணியில ஒட்டாத பசை என் தலமுடியில மட்டும் எப்புடிடா அப்புடி ஒட்டுச்சு?”